ஒன்றரை மணி நேர கேமுக்கு ஆயிரம் ரூபாயா? இண்டி கேம் வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

குழாய்ப்புட்டு, பயறு, பப்படம், கூடவே ஒரு மட்டிப்பழம். கன்னியாகுமரி மாவட்டத்தில் பல வீடுகளின் காலை இப்படித்தான் தொடங்குகிறது. அந்தப் புட்டை அவிக்கிற ஒரு தமிழ் அம்மாவை வைத்து வீடியோ கேம் வந்திருக்கிறது, அது லண்டன் வரை போய் விருதும் வாங்கியிருக்கிறது என்றால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

கேமின் பெயர் 'வெண்பா'. கனடாவின் டொரோன்டோ நகரில் உள்ள விசை கேம்ஸ் என்ற சின்ன நிறுவனம் உருவாக்கியது. 2023 ஜூலை 31 அன்று வெளியானது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயரும் வெண்பா, அவரது கணவர் பாவலன், மகன் கவின் ஆகிய மூன்று பேரின் கதை. அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த சமையல் குறிப்பு நோட்டு கிழிந்து, எழுத்து அழிந்துபோய் இருக்கிறது. இட்லித் தட்டை எப்படி அடுக்குவது, புட்டுக்குழலில் மாவையும் தேங்காய்த் துருவலையும் எப்படிப் போடுவது என்று ஆடுபவர்தான் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். மகனோ புட்டு வேண்டாம், பீட்சா வேண்டும் என்கிறான்.

2024 மார்ச்சில் இண்டி கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவின் முதல் பரிசு இதற்குக் கிடைத்தது. அடுத்த மாதமே பாஃப்டா விழாவில் சிறந்த அறிமுக கேம் விருது.

சரி, விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவில் இதன் விலை 14.99 டாலர். வெளியான அன்றைய மதிப்பில் 1,200 ரூபாய்க்கு மேல். ஆடி முடிக்க ஆகும் நேரம்? சுமார் ஒன்றரை மணி நேரம். அவ்வளவுதான். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நாகர்கோவில் கல்லூரி ஹாஸ்டலில் என்ன பேச்சு வரும் என்று சொல்லத் தேவையில்லை. "லேய் மக்கா, அந்த காசுக்கு நாலு படம் பாத்துரலாம்லா?"

இப்படிப்பட்ட கேமை வாங்குவதா, வேண்டாமா என்று ஆட்கள் எப்படி முடிவு செய்கிறார்கள்? அதில் எந்த அளவுகோல் உதவும், எது ஏமாற்றும்? விரிவாகப் பார்க்கலாம்.

இண்டி கேம் என்றால் என்ன?

பெரிய கம்பெனியின் பணமும் விளம்பரமும் இல்லாமல், ஒருவரோ ஒரு சின்ன குழுவோ உருவாக்கும் கேம்தான் இண்டி கேம். சினிமாவில் பெரிய பேனர் படம், சின்ன பட்ஜெட் படம் என்று சொல்கிறோம் அல்லவா, அதே மாதிரி. உலகம் முழுக்க 4 கோடிக்கும் மேல் விற்ற 'ஸ்டார்டியூ வேலி' என்ற விவசாய கேமை எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நான்கு வருடத்துக்கும் மேல் உட்கார்ந்து உருவாக்கினார். படம், இசை, கதை எல்லாமே அவர் கை வேலை.

பிரச்சினை என்னவென்றால், இப்படி வருகிற கேம்களின் எண்ணிக்கை. பிசி கேம்களை விற்கும் ஸ்டீம் கடையில் 2024ஆம் ஆண்டில் மட்டும் 18,000க்கும் மேற்பட்ட கேம்கள் வந்தன. ஒரு நாளைக்கு சராசரியாக 50. அதில் பெரும்பாலானவற்றைப் பற்றி டிவியிலோ பேப்பரிலோ ஒரு வரி கூட வராது. பெரிய கேம் என்றால் பெயரைப் பார்த்தே வாங்கிவிடலாம். இங்கே பெயரே புதுசு. அதனால் வாங்குபவர்தான் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

'கேமுக்கு எதுக்குடே காசு?'

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் பிடித்த மாவட்டம் கன்னியாகுமரி. 91.75 சதவீதம். படிப்புக்கு செலவு செய்ய யாரும் யோசிப்பதில்லை. கேமுக்கு காசு என்றால்தான் வீட்டில் முகம் மாறுகிறது. அதற்கு காரணமும் உண்டு. இங்கே கேம் என்றாலே ஃப்ரீ ஃபயர், பப்ஜி. டவுன்லோட் பண்ண காசில்லை, ஆனால் உள்ளே போனால் டைமண்ட், ஸ்கின், டாப்-அப் என்று காசு கரைந்துகொண்டே இருக்கும். இன்னொரு பக்கம் ஆன்லைன் ரம்மி. அதில் பணத்தை இழந்தவர்களின் செய்தி வராத மாதம் இல்லை என்ற நிலை இருந்தது.

இண்டி கேம்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு வகையிலும் சேராது. ஒரு தடவை விலை கொடுத்தால் முழு கேமும் உங்களுடையது. புத்தகம் வாங்குவது போல. ஜெயித்தால் பணம், தோற்றால் நஷ்டம் என்ற பேச்சே இல்லை. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம் தடை செய்தது, பணம் கட்டி பணம் ஜெயிக்கும் ஆட்டங்களைத்தான். ஒரே விலைக்கு விற்கும் கேம்கள் அதில் வராது.

பெயரைப் பார்த்து குழம்பும் இடமும் ஒன்று உண்டு. 2024இல் வெளியாகி பல விருதுகளை அள்ளிய 'பலாட்ரோ' என்ற கேமில் சீட்டுக்கட்டும் போக்கர் விதிகளும் வருகின்றன. ஆனால் உண்மையான பணம் ஒரு ரூபாய் கூட புரளாது. சீட்டைப் பார்த்த உடனே ஐரோப்பிய தர அமைப்பான பெகி இதற்கு '18 வயதுக்கு மேல்' முத்திரை குத்தியது. மேல்முறையீட்டுக்குப் பிறகு 2025 பிப்ரவரியில் '12 வயது' என்று மாற்றியது. அமைப்புக்கே அந்தக் குழப்பம் என்றால் வீட்டில் அம்மாவுக்கு வருவதில் தப்பில்லை. பிள்ளைகள் கேட்கும்போது 'உள்ளே போய் திரும்ப காசு கட்டணுமா?' என்ற ஒரே கேள்வியைக் கேட்டால் பாதி விஷயம் தெளிவாகிவிடும். கடைப் பக்கத்தில் 'இன்-ஆப் பர்ச்சேஸ்' என்று இருக்கிறதா என்று பார்த்தாலும் தெரிந்துவிடும்.

மணிக்கணக்கு போடலாமா?

கேம் வாங்குபவர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. விலையை ஆடும் மணி நேரத்தால் வகுப்பது. 500 ரூபாய் கேம் 50 மணி நேரம் ஓடினால் மணிக்கு 10 ரூபாய். 'லாபம்'. இந்தக் கணக்கில் வெண்பா படு நஷ்டம்.

ஆனால் இந்தக் கணக்கை சினிமாவுக்கு யாரும் போடுவதில்லை. நாகர்கோவிலில் குடும்பத்தோடு ஒரு படம் பார்க்க டிக்கெட், பாப்கார்ன், பெட்ரோல் என்று ஆகும் செலவை இரண்டரை மணி நேரத்தால் வகுத்துப் பார்ப்பவர் யார்? 'ஏ ஷார்ட் ஹைக்' என்று ஒரு கேம். 2019இல் வந்தது. பறவைப் பெண் ஒருத்தி மலை ஏறுகிறாள், அவ்வளவுதான் கதை. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வெண்பா வாங்கிய அதே ஐஜிஎஃப் முதல் பரிசை 2020இல் வாங்கியது இந்த கேம். நேரத்தை இழுக்கவேண்டும் என்பதற்காகவே ஒரே வேலையை நூறு தடவை செய்ய வைக்கும் கேம்களும் சந்தையில் நிறைய இருக்கின்றன. அவற்றின் 'மணிக்கு 10 ரூபாய்' உண்மையில் மலிவு இல்லை.

அதற்காக மணிக்கணக்கு பார்ப்பவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பார்ட் டைம் வேலை பார்த்து படிக்கும் ஒரு மாணவருக்கு ஆயிரம் ரூபாய் என்பது பஸ் செலவு, சாப்பாட்டு செலவு. வருடத்துக்கு ஒரு கேம்தான் வாங்க முடியும் என்றால் அது நீண்ட நாள் ஓடவேண்டும் என்று நினைப்பது நியாயம்தான். நீளம் தெரிந்து வாங்குவதுதான் முக்கியம். சின்ன கேம் என்று தெரிந்தே வாங்கியவருக்கு ஏமாற்றம் இருக்காது.

ரிவ்யூவை எப்படிப் படிப்பது?

ஸ்டீமில் ஒவ்வொரு கேமுக்கும் கீழே ஆடியவர்கள் கருத்து எழுதுகிறார்கள். கட்டைவிரல் மேலே அல்லது கீழே. மேலே காட்டியவர்கள் 80 சதவீதத்துக்கு மேல் இருந்து, போதுமான எண்ணிக்கையும் இருந்தால் 'வெரி பாசிட்டிவ்'. 40 முதல் 69 வரை 'மிக்ஸ்ட்'. பலர் இந்த ஒரு வார்த்தையைப் பார்த்தே முடிவெடுத்துவிடுகிறார்கள்.

அது போதாது. 12 பேர் எழுதி வந்த 90 சதவீதமும், 12,000 பேர் எழுதி வந்த 90 சதவீதமும் ஒன்றல்ல. முதல் 12 பேர் உருவாக்கியவரின் நண்பர்களாகக் கூட இருக்கலாம். எழுதியவர் எத்தனை மணி நேரம் ஆடியிருக்கிறார் என்பதும் ஒவ்வொரு கருத்தின் பக்கத்திலும் இருக்கும். கேமை இலவசமாகப் பெற்றவர் என்றால் பொதுவாக அந்தக் குறிப்பும் இருக்கும். 20 மணி நேரம் ஆடிவிட்டு 'பிடிக்கவில்லை' என்று எழுதுபவர் சொல்வதில் ஏதோ விஷயம் இருக்கிறது. 10 நிமிடத்தில் வெளியே வந்து திட்டுபவருக்கு லேப்டாப் பிரச்சினையாக இருக்கலாம்.

அனுபவமுள்ளவர்கள் கெட்ட ரிவ்யூவைத்தான் முதலில் படிக்கிறார்கள். நல்ல ரிவ்யூ எல்லாம் 'சூப்பர்', 'வேற லெவல்' என்று ஒரே மாதிரி இருக்கும். கெட்ட ரிவ்யூவில்தான் காரணம் இருக்கும். 'சண்டையே இல்லை, வெறும் பேச்சு' என்று ஒருவர் திட்டினால், பேச்சை ரசிப்பவருக்கு அதுவே வாங்கக் காரணம்.

மொபைலில் ஸ்டார் மதிப்பெண்ணை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். 'மானுமெண்ட் வேலி' என்ற அழகான புதிர் கேம் 2014இல் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் புதிய அத்தியாயங்களைச் சேர்த்து, அதற்கு 1.99 டாலர் கூடுதல் விலை வைத்தார்கள். உடனே ஒரு ஸ்டார் ரிவ்யூக்கள் குவிந்தன. கேம் மோசம் என்று அல்ல, காசு கேட்டார்கள் என்று.

யூடியூப்பில் பார்த்துவிட்டால் போதுமா?

சின்ன கேம்களின் தலையெழுத்தை மாற்றியதே வீடியோக்கள்தான். 'அமாங் அஸ்' 2018இல் வந்தது. இரண்டு வருடம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2020 லாக்டவுனில் ஸ்ட்ரீமர்கள் ஆடிக் காட்டிய பிறகு நம்ம ஊர் பிள்ளைகள் வரை அதைத்தான் ஆடினார்கள்.

ஆனால் கதைதான் உயிர் என்ற கேம்களுக்கு இது எதிர்த்திசையில் வேலை செய்கிறது. புற்றுநோயால் இறந்த தங்கள் குழந்தையைப் பற்றி அமெரிக்கப் பெற்றோர் உருவாக்கிய 'தட் டிராகன், கேன்சர்' 2016இல் வந்தது. யூடியூப்பில் லட்சக்கணக்கானோர் முழுசாகப் பார்த்துவிட்டார்கள். பார்த்தவர்களில் மிகச் சிலரே வாங்கினார்கள் என்று உருவாக்கியவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். முழு வீடியோவைப் பார்த்து முடித்த பிறகு வாங்குவதற்கு என்ன மிச்சம்?

அதனால் ஒரு வழி இருக்கிறது. திறமை, புதிர், கட்டுமானம் சார்ந்த கேம் என்றால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வீடியோ பார்க்கலாம், ஆடும்போது அனுபவம் வேறு. வெண்பா போன்ற கதை கேம் என்றால் முதல் 10 நிமிடத்தோடு நிறுத்திவிட வேண்டும். டிரெய்லரை விட அந்த 10 நிமிடம் உண்மையைச் சொல்லும். டிரெய்லரில் வெட்டி ஒட்டலாம், ஆட்டத்தில் முடியாது.

டெமோ: வாங்கும் முன் ருசி

வடசேரி சந்தையில் பழம் வாங்கும்போது ஒரு துண்டு வெட்டித் தரச் சொல்லிக் கேட்பதில்லையா? கேமில் அதற்குப் பெயர் டெமோ. கேமின் ஒரு சின்னப் பகுதி, இலவசம். ஸ்டீமில் பிப்ரவரி, ஜூன், அக்டோபர் என்று வருடத்துக்கு மூன்று தடவை 'நெக்ஸ்ட் ஃபெஸ்ட்' நடக்கிறது. இன்னும் வெளிவராத நூற்றுக்கணக்கான கேம்களின் டெமோவை அந்த ஒரு வாரத்தில் காசில்லாமல் ஆடிப் பார்க்கலாம். கார்டு எண்ணோ யுபிஐயோ கேட்காது.

டெமோவால் பிழைத்த கேம்களும் உண்டு. டோபி ஃபாக்ஸ் என்ற இளைஞர் 2013இல் 'அண்டர்டேல்' கேமின் டெமோவை வெளியிட்டு, கிக்ஸ்டார்ட்டரில் மக்களிடம் பணம் கேட்டார். 5,000 டாலர் கேட்டவருக்கு 51,000 டாலருக்கு மேல் வந்தது. எல்லோருக்கும் அப்படி அமையாது. புராணக் கதையை வைத்து புனேயின் நாடிங் ஹெட்ஸ் நிறுவனம் உருவாக்கிய 'ராஜி' 2017இல் அதே கிக்ஸ்டார்ட்டரில் இலக்கை எட்டவில்லை. பிறகு வேறு நிதி உதவிகள் கிடைத்து 2020 ஆகஸ்ட்டில்தான் வெளியானது.

இட்ச் டாட் ஐஓ என்ற இன்னொரு தளமும் இருக்கிறது. இங்கே பல கேம்களுக்கு விலையை வாங்குபவரே வைக்கலாம். பூஜ்யம் என்று கூட போடலாம், பிடித்திருந்தால் பிறகு வந்து கொடுக்கலாம். கல்லூரி மாணவர்கள் தாங்களே செய்த கேமை முதலில் ஏற்றுவதும் பெரும்பாலும் இங்கேதான்.

'ஏர்லி ஆக்சஸ்' என்று போட்டிருந்தால் மட்டும் நிதானிக்க வேண்டும். அது டெமோ இல்லை. பாதி கட்டிய வீட்டை விலை கொடுத்து வாங்குவது. சிலர் நன்றாகக் கட்டி முடிக்கிறார்கள், சிலது அப்படியே நிற்கிறது. இன்று எந்த நிலையில் இருக்கிறதோ அதற்கு அந்த விலை சரியா என்று மட்டும் பார்த்தால் பின்னால் வருத்தப்பட வேண்டியதில்லை.

ரீஃபண்ட்: இரண்டு மணி நேர விதி

டெமோ இல்லாத கேமுக்கு என்ன செய்வது? இதற்குத்தான் ரீஃபண்ட். 2015 ஜூனில் ஸ்டீம் இந்த வசதியைக் கொண்டுவந்தது. வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், காரணம் எதுவானாலும் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். எபிக் கடையிலும் ஏறக்குறைய இதே விதிதான். வாங்கிய மறுநாளே விலை குறைந்துவிட்டதா? ரீஃபண்ட் வாங்கி, குறைந்த விலைக்கு மறுபடி வாங்கிக்கொள்ளலாம். அது தவறான பயன்பாடு இல்லை என்று ஸ்டீமே எழுதி வைத்திருக்கிறது. பலருக்கு இது தெரியாது.

அடிக்கடி வாங்கி அடிக்கடி திருப்பிக் கொடுத்தால் அந்த வசதியையே நிறுத்திவிடும் உரிமையும் ஸ்டீமுக்கு உண்டு.

இங்கேதான் சிக்கல். இரண்டு மணி நேரம் வரை ஆடலாம் என்றால், ஒன்றரை மணி நேர கேமை முழுசாக முடித்துவிட்டு பணத்தையும் வாங்கிவிடலாமே? விதிப்படி முடியும். 2021 ஆகஸ்ட்டில் எமிகா கேம்ஸ் என்ற பெயரில் தனியாக கேம் செய்துவந்த ஒருவர், தன்னுடைய 'சம்மர் ஆஃப் 58' என்ற திகில் கேமுக்கு இப்படித்தான் நடக்கிறது என்று அறிவித்தார். நல்ல ரிவ்யூ எழுதுகிறார்கள், ஆனாலும் கேம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டவில்லை என்பதால் ரீஃபண்ட் வாங்கிவிடுகிறார்கள், அடுத்த கேம் செய்யக் கையில் பணமில்லை, காலவரையின்றி இந்தத் துறையிலிருந்து விலகுகிறேன் என்றார்.

ஹோட்டலில் தோசையை முழுசாகச் சாப்பிட்டுவிட்டு, 'தட்டு காலி, பில் வேண்டாம்' என்று எழுந்து போகிற கதைதான் இது. பெரிய கம்பெனிக்கு இந்த அடி தெரியாது. தனி ஆளுக்குத் தெரியும். கேம் ஓடவில்லை, தலை சுற்றுகிறது, எதிர்பார்த்தது இது இல்லை என்றால் தயங்காமல் ரீஃபண்ட் கேட்கலாம். அதற்கு முதல் அரை மணி நேரமே போதும். ஆகவே வாங்கிய உடனே ஒரு தடவை திறந்து ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது. 'லீவுல ஆடலாம்' என்று போட்டு வைத்தால் 14 நாள் போய்விடும்.

கையில் மொபைல் மட்டும்தான் என்றால்?

மாவட்டத்தில் பெரும்பாலானோரின் நிலை இதுதான். வெண்பா வெளியானபோது பிசி, ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் ஆகியவற்றில்தான் வந்தது, மொபைலில் வரவில்லை. ஆனால் ஸ்டார்டியூ வேலி, பலாட்ரோ, வாம்பயர் சர்வைவர்ஸ் எல்லாம் மொபைலிலும் உண்டு. இவற்றில் வாம்பயர் சர்வைவர்ஸ் மொபைலில் இலவசம். விளம்பரம் பார்ப்பதும் ஆடுபவரின் விருப்பம்தான், கட்டாயமில்லை.

ஆண்ட்ராய்டில் காசு கொடுத்து வாங்கிய கேம் பிடிக்கவில்லை என்றால் 48 மணி நேரத்துக்குள் கூகுள் பிளேயில் ரீஃபண்ட் கேட்கலாம். அதற்குப் பிறகு கேம் உருவாக்கியவரிடம்தான் கேட்க வேண்டியிருக்கும். 2022இல் இந்தியாவுக்கு வந்த பிளே பாஸ் சந்தாவும் ஒரு வழி. மாதச் சந்தா கட்டினால் பட்டியலில் உள்ள கேம்களை விளம்பரம் இல்லாமல் ஆடலாம். நெட்ஃபிளிக்ஸ் கணக்கு வீட்டில் இருந்தால் அதன் மொபைல் ஆப்பிலேயே சில இண்டி கேம்கள் கூடுதல் காசில்லாமல் கிடைக்கும். இது பலர் கண்ணில் படுவதே இல்லை. என்ன, பட்டியல் அடிக்கடி மாறும்.

பழைய லேப்டாப்பில் ஓடுமா?

பல வீடுகளில் அலமாரியில் ஒரு அரசு லேப்டாப் தூங்கிக்கொண்டிருக்கும். 2011 முதல் பிளஸ் டூ மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினி. அதில் பெரிய கேம் எதுவும் ஓடாது. ஆனால் ஸ்டார்டியூ வேலி கேட்பது 2 ஜிபி ரேம், 500 எம்பி இடம். ஒரு நாள் டேட்டா பேக்கிலேயே இறக்கிவிடலாம். 100 ஜிபி கேமை தினசரி ஒன்றரை ஜிபி டேட்டாவில் இறக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். டேட்டாவை நம்பி இருப்பவருக்கு விலையை விட கேமின் சைஸ்தான் முதல் கேள்வி.

ஒரு எச்சரிக்கை. 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7, 8 கணினிகளுக்கு ஸ்டீம் ஆதரவை நிறுத்திவிட்டது. பழைய லேப்டாப்பில் அந்த விண்டோஸ்தான் இருக்கிறது என்றால், வாங்கும் முன் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைப் பக்கத்தின் அடியில் 'சிஸ்டம் ரிக்கொயர்மென்ட்ஸ்' என்று ஒரு பகுதி இருக்கும். யாரும் அது வரை ஸ்க்ரோல் பண்ணுவதில்லை.

சேலுக்காகக் காத்திருப்பது

கேமை 'விஷ்லிஸ்ட்'டில் சேர்த்து வைத்தால் விலை குறையும்போது மெயில் வரும். ஸ்டீமில் வருடத்துக்கு நான்கு பெரிய சேல் உண்டு. வெளியாகி ஓரிரு வருடம் ஆன இண்டி கேம்கள் பாதி விலைக்கும் கீழே வருவது சகஜம். விஷ்லிஸ்ட்டில் சேர்ப்பது உருவாக்கியவருக்கும் உதவி, எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். இந்தியாவுக்குத் தனி விலை வைக்கவும் ஸ்டீம் வசதி தருகிறது. பலர் குறைத்து வைக்கிறார்கள், சிலர் டாலர் விலையை அப்படியே ரூபாயாக்கிவிடுகிறார்கள்.

வளைகுடாவிலோ கனடாவிலோ இருக்கும் அண்ணன், சித்தப்பா வாங்கி அனுப்பலாமா? பரிசாக அனுப்பும் வசதி இருக்கிறது. இரண்டு நாட்டு விலைக்கும் வித்தியாசம் அதிகமிருந்தால் ஸ்டீம் அனுமதிக்காமல் போகலாம். வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர் ஆடுகிறார்கள் என்றால் ஸ்டீம் ஃபேமிலீஸ் என்ற வசதியில் ஒரே வீட்டில் 6 பேர் வரை தங்கள் கேம்களைப் பகிர்ந்துகொள்ளலாம்.

'டெலிகிராம்ல சும்மா கிடைக்கே?'

கடைசியில் பேச்சு இங்கேதான் வந்து நிற்கும். தமிழ்ராக்கர்ஸ் பழக்கிய ஊர். கேமுக்கும் அதே மாதிரி தளங்களும் ஏபிகே ஃபைல்களும் இருக்கின்றன. முதல் ஆபத்து, எதை இன்ஸ்டால் செய்கிறோம் என்றே தெரியாது. யுபிஐயும் வங்கி ஆப்பும் இருக்கும் அதே போனில் யாரோ மாற்றியமைத்த ஏபிகேயைப் போடுவது, 200 ரூபாய் மிச்சம் பிடிக்க வீட்டுச் சாவியைத் தெரியாதவர் கையில் கொடுப்பதற்குச் சமம்.

இரண்டாவது, உருவாக்கியவரின் நிலை. ஆண்ட்ராய்டில் இன்ஸ்டால் ஆன மானுமெண்ட் வேலிகளில் 5 சதவீதம்தான் காசு கொடுத்தவை என்று அதைச் செய்த அஸ்டூ நிறுவனம் 2015 ஜனவரியில் சொன்னது. ஒருவரே இரண்டு போனில் போட்டதும் அதில் சேரும் என்றாலும் எண் சின்னதுதான்.

காசே இல்லாதவர் என்ன செய்வார் என்ற கேள்விக்கு ஒரு நிறுவனம் வேறு மாதிரி பதில் சொன்னது. போலந்தின் ஆசிட் விசார்ட் குழு 2017 ஆகஸ்ட்டில் 'டார்க்வுட்' கேமை வெளியிட்டது. ரீஃபண்ட் கேட்டவர்களில் ஒருவர் காரணமாக எழுதியிருந்தது இதுதான்: மாதக் கடைசியில் பில்லைப் பார்த்து அப்பா அம்மா கவலைப்படக் கூடாது. அதைப் படித்த அந்தக் குழு, தங்கள் கேமின் முழுப் பிரதியைத் தாங்களே டோரண்டில் ஏற்றியது. வைரஸ் இல்லாத, எதுவும் மறைக்காத பிரதி. இப்போது காசில்லையா, ஆடுங்கள், பிடித்திருந்தால் பிறகு எப்போதாவது வாங்குங்கள், திருட்டு கீ விற்கும் தளங்களில் மட்டும் வாங்காதீர்கள் என்றது.

எல்லா நிறுவனமும் இப்படிச் செய்யாது, செய்யவும் முடியாது. ஆனால் டெமோ, இட்ச் தளத்தின் இலவச கேம்கள், எபிக் கடை 2018 டிசம்பரிலிருந்து கொடுத்துவரும் இலவச கேம்கள் என்று நேர்வழியில் காசில்லாமல் ஆடக் கிடைப்பதே ஒரு வருட லீவு நாட்களுக்குப் போதும்.

ஆடி முடித்த பிறகு செய்யக்கூடிய செலவில்லாத வேலை ஒன்று உண்டு. குறைந்தது 10 பேர் ரிவ்யூ எழுதினால்தான் ஸ்டீமில் ஒரு கேமுக்கு 'பாசிட்டிவ்', 'மிக்ஸ்ட்' என்ற அந்த முத்திரையே விழும். வாரா வாரம் வரும் நூற்றுக்கணக்கான கேம்களில் பல அந்த 10ஐத் தொடுவதே இல்லை. காசு கொடுத்து ஆடியவர் இரண்டு வரி எழுதினால், அடுத்து அந்தப் பக்கத்தில் வந்து நிற்பவர் படிக்க ஏதாவது இருக்கும்.